வயிறு எந்தப் பக்கம்?

மலேசியாவிலிருந்து ஒருவர் ஆரணிக்குப் போகிறார் என்றால் காரணம் பட்டுப்புடவையாக இருக்கும். இல்லாவிட்டால் சொத்துத் தகராறு. எங்களுக்கு அங்கே சொத்து இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம். மணப்பெண் தேவாலயத்துக்குள் நுழையும்போது உடுத்த வேண்டிய புடவை ஆரணியில் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் போய் வாங்கி வர வீட்டில் வேலைவெட்டி இல்லாத ஆள் யார் என்று அம்மா சுற்றிப் பார்த்தபோது என் மேல் கண் விழுந்தது.

எனக்கு வேலை உண்டு. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு. கருவுக்குள் இதயம் எப்படி உருவாகிறது, எந்த மரபணு எந்த நேரத்தில் எதற்கு உத்தரவு போடுகிறது என்பதை மீன் முட்டைகளில் பார்க்கிறேன். கண்ணாடி போன்ற முட்டைகள். ஒரே நாளில் உள்ளே ஒரு புள்ளி துடிக்கத் தொடங்கிவிடும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் எங்கள் வீட்டில் இந்த ஆய்வுக்குப் பெயர், "மீன் வளர்க்கிறா."

ஆரணி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் உருதுவில் காரசாரமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏதோ பெரிய குடும்பப் பிரச்சினை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்காக மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்: "நேற்று பிரியாணியில் உப்பு குறைந்ததற்கு உன் தங்கைதான் காரணம் என்கிறாள் ஒருத்தி. என் தங்கை அந்தப் பக்கமே வரவில்லை என்கிறாள் இன்னொருத்தி." மொழிபெயர்ப்புக்குக் கூலியாக என் விவரத்தைக் கேட்டார்.

"மலேசியாவுல இன்னா பண்றீங்க?"

"இதயம் உருவாகுறத பத்தி ஆராய்ச்சி பண்றேன்."

"ஹார்ட் டாக்டரா! எனக்கு மாடி ஏறினா படபடன்னு அடிச்சிக்குது பாருங்க."

"டாக்டர் இல்லைங்க. மீனோட இதயம்."

அவர் பின் சீட்டுக்காரரிடம் திரும்பினார். "மீனுக்கெல்லாம் ஹார்ட் டாக்டர் வெச்சிருக்கான். வெளிநாடு வெளிநாடுதான்."

ஆரணி பேருந்து நிலையத்தில் உறவுக்காரர் சாமுவேல் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல எத வுட்டுட்டுப் போலாம்?" என்றார். எதையும் விடவில்லை. பெட்ரோல் டேங்க் மேல் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். கிள்ளானில் இப்படிப் போனால் போலீஸ் துரத்தும். இங்கே எதிரே வந்த போலீஸ்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

வீடு சேவூரில். சாமுவேல் அண்ணனின் மனைவி எஸ்தர் எனக்கு அக்கா முறை. எப்படி முறை என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இரண்டு தடவை விளக்கினார், இரண்டு தடவையும் வேறு வேறு வழியில் போய்ச் சேர்ந்தார். சாமுவேல் அண்ணனுக்குச் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். எஸ்தர் அக்கா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறாள். திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி, ஃபைலை ஆரணியில் அட்டை அடிக்கும் கடைக்கு அனுப்புவாள். அது துளை போட்ட அட்டைகளாக மாறித் தறிமேல் ஏறும். எந்த இழை எழும்ப வேண்டும், எந்த இழை சும்மா கிடக்க வேண்டும் என்று அட்டை சொல்லும், தறி கேட்கும்.

அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. அம்மா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. புடவையின் பார்டர் அகலம் பற்றி மட்டும் அரை மணி நேரம் சொல்லியிருந்தார்.

முதலில் அக்கா டிசைன் போட்ட கல்யாணப் புடவையைப் பிரித்தோம். பழுத்த மாம்பழ நிறம். உடல் முழுவதும் ஒலிவ இலையைக் கவ்வியபடி புறாக்கள். அம்மா அனுப்பியிருந்த மாதிரிப் படத்தைப் போனில் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"அக்கா, படத்துல புறா எல்லாம் இடது பக்கம் பாக்குது. புடவையில வலது பக்கம் பாக்குது."

"கண்டுபுடிச்சிட்டியா!" அக்கா தலையில் தட்டிக்கொண்டாள். "அட்டை அடிக்கிற கடையில ஃபைல ஃப்ளிப் பண்ணி அடிச்சிட்டாங்க. மூக்கு, றெக்க, இலை எல்லாம் சேந்து திரும்பிடுச்சு. புறாவுக்கு ஒண்ணும் ஆவல. உன்ன தவிர எவனுக்கும் தெரியாது."

"அம்மாவுக்கு?"

"உங்கம்மா ஜரிகைய பாப்பாங்களா, புறா எங்க பாக்குதுன்னு பாப்பாங்களா?"

பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. புடவையை மடித்து வைத்தோம்.

மத்தியானம் சாமுவேல் அண்ணனின் அம்மா, மேரி அத்தை, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். நான் களியை மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அது வாய்க்குள் வளர்ந்துகொண்டே போனது.

"அய்ய, இது இன்னா சூயிங்கமா? மெல்லாத பாப்பா. குழம்புல தொட்டு முழுங்கு."

முழுங்கினேன். தொண்டையில் ஒரு லிப்ட் இறங்குவது போல இருந்தது. எங்கள் ஊர்க் காரத் தொக்கான நெத்திலிச் சம்பலை நினைவுபடுத்தும் குழம்பு. ஆனால் சம்பல் மன்னிக்கும், இந்தக் குழம்பு மன்னிக்காது. கண்ணில் தண்ணீர் வந்த நேரம் பார்த்து அத்தை ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் வைத்தார். ஸ்கேன் ரிப்போர்ட்.

"நீ ஹார்ட்டுதானே பாக்கற? இத பாரு."

குழந்தையின் இதயம் வலப்பக்கம் நோக்கி இருக்கிறது என்று எழுதியிருந்தது. குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்ததால் மற்ற உறுப்புகள் தெளிவாகத் தெரியவில்லை. வேலூரில் இதயத்துக்கென்று தனி ஸ்கேன் எடுக்கவும். எடுக்கப்போவது நாளை மறுநாள்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அத்தை, நான் டாக்டர் இல்ல. நான் பாக்குறது மீன்."

"மீனுக்கும் ரத்தம்தானே ஓடுது?" என்றார் அத்தை.

ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படித்தேன்.

அடுத்த நாள் காலை இட்லியும் வடைகறியும். அண்ணன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். விளக்கம் இதுதான். எல்லா மரபணுக்களும் வேலை செய்வதில்லை. சில மரபணுக்கள் கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி. ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே "பந்தியைப் போடு, சாம்பாரை நிறுத்து, பாயசம் எங்கே" என்று கத்துவார். அவர் சத்தம் கேட்டுத்தான் கல்யாணம் நடக்கும். பழ ஈயில் அப்படி ஒரு பெரியப்பா மரபணு இல்லாமல் போனால் இதயமே உருவாகாது. மனிதனிலும் அதற்கு ஒரு பங்காளி உண்டு. அது தடுமாறினால் இதயத்தின் சுவரில் ஓட்டை விழலாம்.

"ஓட்டையா?" என்றார் அண்ணன். இட்லி பாதியில் நின்றது.

"இது அது இல்லண்ணா, உதாரணத்துக்குச் சொன்னேன்."

"நல்ல உதாரணம் குடுத்த போ," என்றாள் அக்கா.

நிலைமையைச் சரிசெய்ய என்னுடைய மிகச் சிறந்த உவமையை வெளியே எடுத்தேன். கருத்தரங்கு ஒன்றில் பேசுவதற்காக மாதக்கணக்கில் பாலிஷ் போட்டு வைத்திருந்தது. ஆரணிக்கு வரச் சம்மதித்ததற்கு ஒரு காரணமே இதற்கு நாலு போட்டோ எடுக்கலாம் என்பதுதான். "மரபணுவும் தறி அட்டை மாதிரிதான் அக்கா. துளை இருந்தா இழை எழும்பும்..."

"அட்டையில புறா படம் இருக்கு. அதனால புறா வருது. உன் மரபணுவுல ஹார்ட்டு படம் இருக்குதா?"

"படம்னு இல்ல. ஒண்ணு இன்னொண்ண எழுப்பும், அது பக்கத்துல இருக்குறத எழுப்பும்..."

"அப்ப அட்டை மாதிரி இல்ல. எங்க தெருவுல வதந்தி பரவுற மாதிரின்னு சொல்லு."

கருத்தரங்கில் இப்போது வதந்தி பற்றித்தான் பேசப்போகிறேன். அட்டையை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் கோலாலம்பூரில் இருக்கும் என் பேராசிரியைக்குப் போன் போட்டேன். அவர் சீன அம்மையார். ஆங்கிலத்தில் பேசினாலும் மலாயில் கோபப்படுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதன் தமிழாக்கம்: "நீ மீன் பார்க்கிறவள். மருத்துவர் இருக்கும் இடத்தில் வாயை மூடிக்கொண்டிரு. வயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் கேட்கச் சொல். அப்புறம், உன் தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது."

வயிறு, அதாவது குழந்தையின் இரைப்பை, எந்தப் பக்கம். எனக்குத் தெரிந்த விஷயம்தான். பாடமாகத் தெரிந்திருந்தது, மடியில் ரிப்போர்ட் விழுந்தபோது தெரியாமல் போய்விட்டது.

கீழே இறங்கி வந்தபோது அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மயில் ஒன்று பாதியில் நின்றது. அவள் வேலை செய்யவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், லெக்சர் எடுக்காம சொல்லு. நான் எதாச்சும் பண்ணதால ஆச்சா?"

"என்ன பண்ணீங்க?"

"நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகினு இருந்தேன். தூங்கும்போது வலது பக்கமே ஒருக்களிச்சுப் படுத்தேன். அதான் ஹார்ட்டு அந்தப் பக்கம் சரிஞ்சிடுச்சுன்னு சர்ச்சுல ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. அத்தை வாய தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா ஸ்கேன் வந்ததுலேர்ந்து தொட்டில் பேச்சையே எடுக்கறதில்ல. மொதல்லல்லாம் அதே பேச்சு, பேஜாரா இருக்கும். இப்ப பேசமாட்டாங்களான்னு இருக்குது."

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இருந்தது. மெதுவாகச் சொன்னேன். இடம் வலம் என்பது அக்காவுக்குக் கர்ப்பம் என்று தெரியும் முன்பே, அல்லது தெரிந்த அந்த வாரத்திலேயே, முடிவாகிவிட்ட சங்கதி. அப்போது கரு எள்ளைவிடச் சிறியது. அதில் ஒரு குட்டிக் குழி. குழிக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஒரே திசையில் சுழலும். அந்தச் சுழற்சியில் உள்ளிருக்கும் நீர் இடப்பக்கம் நகரும். நீர் நகர்ந்த பக்கத்தில் நோடல் என்று ஒரு மரபணு விழித்துக்கொண்டு, "இதுதான் இடப்பக்கம்" என்று அறிவிக்கும். அது இன்னொன்றை எழுப்பும், அது வேறொன்றை. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான் நேர்க்குழாயாக இருக்கும் இதயம் வளைந்து திரும்பும், வயிறு ஒரு பக்கம் ஒதுங்கும், கல்லீரல் எதிர்ப்பக்கம் போகும். மயிரிழைகள் சுழலாமல் நின்றுவிட்டால் செய்தி எந்தப் பக்கம் பிறக்கும் என்பது குருட்டாம்போக்கு.

"எள்ளைவிடச் சின்னதா இருந்தப்ப நீங்க எந்தப் பக்கம் படுத்தா என்னக்கா?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அந்த வாரம் வேலூர்ல ஒரு கல்யாணத்துல பிரியாணி சாப்ட்டேன்."

"பிரியாணிக்கும் சம்பந்தமில்ல."

அக்கா சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். பிறகு சட்டென்று திரும்பினாள். "அந்தச் செய்தி எல்லாத்துக்கும் போவும்னா, திரும்பினா எல்லாம் சேந்துதானே திரும்பணும்?"

"அதத்தான் வேலூர்ல பாக்கணும். இதயம், வயிறு, கல்லீரல் எல்லாம் சேந்து கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பியிருந்தா பெரும்பாலும் பயம் இல்ல. அப்படி நெறைய பேர் தெரியாமலே வாழறாங்க. ஆனா வயிறு எப்பவும் போல இடது பக்கமே இருந்து, இதயம் மட்டும் தனியா திரும்பியிருந்தா, உள்ள கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்."

அக்கா திரையில் இருந்த மயிலைப் பிடித்து முழுதாகத் திருப்பினாள். மயில் வலப்பக்கம் பார்த்தது. அழகாகவே இருந்தது. பிறகு அதைப் பழையபடி ஆக்கி, ஜரிகைக்கான அடுக்கை மட்டும் திருப்பினாள். பட்டு உடம்பு இடப்பக்கம் பார்த்தது. ஜரிகைக் கண்ணும் மூக்கும் தோகையின் நுனியில் போய் உட்கார்ந்தன.

"போன வருஷம் ஒரு புடவை இப்படித்தான் ஆச்சு," என்றாள். "ஆர்டர் குடுத்தவங்க கையாலகூடத் தொடல."

இரண்டு பேரும் அந்த மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாலில் கண். அவள் ஜன்னலை மூடினாள், கம்ப்யூட்டர் ஜன்னலை.

அன்று மாலை வீட்டில் ஜெபக் கூட்டம். மறுநாள் ஸ்கேன் என்பதால் சபைப் பெண்கள் வந்து பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தலைமை ரூத் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல். வானத்துக்கும் அதே குரல்தான். என் பக்கத்தில் சாந்தியக்கா என்று ஒரு தையல்காரப் பெண்மணி, இடுப்பின் இடப்பக்கத்தை அடிக்கடி பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். கிள்ளானில் எங்கள் சபையில் ஜெபத்துக்கு முன் குளிர்சாதனம் போடுவார்கள். இங்கே மின்விசிறியை நிறுத்தினார்கள். டீச்சர் குரலுக்கு இடைஞ்சலாம்.

"ஆண்டவரே! இந்த மகளுடைய வயிற்றிலே, வலது பக்கம் போயிருக்கிற இருதயத்தை இடது பக்கம் திருப்பும்!"

"திருப்பும் ஐயா!" என்றது பாய் முழுவதும்.

நான் கண்ணைத் திறந்தேன். எதிரே அக்காவும் திறந்திருந்தாள்.

"இப்பவே திருப்பும்! இருதயத்தை மட்டும் தொடும்!"

"மட்டும் தொடும் ஐயா!"

அக்காவின் முகத்தில் அந்த வாலில் கண் வைத்த மயில் தெரிந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கூடும் குறையும். ஆனால் அந்தக் கணத்தில், ஒருவேளை கேட்டது கிடைத்துவிட்டால் என்ற பயம் வந்தது. எழுந்து நின்றேன்.

"டீச்சர், நிறுத்துங்க!"

சேவூரில் ரூத் டீச்சரின் ஜெபத்தை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை என்பது எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது.

"இதயம் மட்டும் தனியா திரும்பக் கூடாது டீச்சர். ஆபத்து."

"ஆண்டவருக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். நாமதான் தப்பா கேக்கறோம்."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மேரி அத்தை கையை உயர்த்தி அதை அடக்கினார். "கேள்வித்தாளு தப்புன்னு புள்ள சொல்லுது. இரு டீச்சர். அப்ப இன்னாதான் கேக்கணும் பாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "வயிறும் வலது பக்கம் இருக்கணும்னு கேளுங்க. எல்லாம் சேந்து திரும்பியிருக்கணும்னு கேளுங்க."

ரூத் டீச்சர் தலையசைத்தார். ஆசிரியர் இல்லையா, திருத்தம் நியாயமாக இருந்தால் ஏற்றுக்கொள்வார். "வரிசையா சொல்லு. விட்டுப்போவக் கூடாது."

"இதயம் வலது. வயிறு வலது. மண்ணீரல் வலது. கல்லீரல் இடது."

சாந்தியக்கா என் புடவை முந்தானையை இழுத்தார். "நமக்கு வலதா, புள்ளைக்கு வலதா?"

மருத்துவக் கல்லூரியில் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி. "புள்ளைக்கு" என்றேன்.

அதன் பிறகு ரூத் டீச்சர் செய்தது போன்ற ஜெபத்தை நான் எங்கும் கேட்டதில்லை. "மண்ணீரலை நினைத்தருளும்!" என்றபோது "நினைத்தருளும் ஐயா!" என்று அத்தனை பேரும் மண்ணீரலுக்காகக் கண்ணீர் விட்டார்கள். எனக்கும் வந்தது. இந்த முறை குழம்பின் மேல் பழி போட முடியாது.

மறுநாள் வேலூர். கண்ணமங்கலம் வருவதற்குள் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பஞ்சர். கிள்ளானில் ரயில் தாமதமானால் போனுக்கு மன்னிப்புக் கடிதம் வரும். இங்கே கண்டக்டர், "எறங்குங்க, பின்னாடி வண்டி வந்துகினு இருக்குது" என்பதோடு முடித்துக்கொண்டார். நான் பதறினேன். கடை கடையாக ஆட்டோ கேட்டு ஓடினேன். திரும்பி வந்தால் அக்காவும் அண்ணனும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் தன் போண்டாவைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அக்கா அதையும் வாங்கித் தின்றாள்.

"பயமா இல்லையாக்கா?"

"இருக்குது. பசியும் இருக்குது."

பின்னால் வந்த வண்டியில் கால் வைக்க இடமில்லை. ஆனால் அக்கா ஏறியதும் எங்கிருந்தோ ஒரு சீட் முளைத்தது. எத்தனையாவது மாதம், எந்த ஆஸ்பத்திரி, என்ன ஸ்கேன் என்று ஒரு அம்மாள் கேட்டார். அடுத்த நிறுத்தத்துக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்டக்டர் முன்னால் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, மெதுவா! புள்ளத்தாச்சி!" வேலூர் போய்ச் சேர இன்னும் தாமதமானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குள் ஓடினோம். டாக்டர் இன்னும் வரவில்லை. சுவரில் பெரிய பலகை: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம். இடமா வலமா என்று கேட்கலாமா என்பது பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். கூட ஒருவர்தான் வரலாம் என்றார் நர்ஸ். சாமுவேல் அண்ணன் என்னை முன்னால் தள்ளினார். "நீ போம்மா. உனக்குத்தான் புரியும்."

"அவ வந்தா டாக்டருக்கே லெக்சர் எடுப்பா," என்றாள் அக்கா. "நீ வா. புரியாத ஆளுதான் எனக்கு வேணும்."

கதவு மூடியது. இதயம் உருவாவது பற்றி எங்கள் மூவரில் ஓரளவு தெரிந்தவள் வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் நுண்ணோக்கியில் பார்த்த மீன் கருக்கள் நினைவுக்கு வந்தன. இதயம் மாறித் திரும்பிய குஞ்சுகளைத் தனியே பிரித்துவைப்பது என் வேலை. திரும்பியவை எல்லாம் ஒரு கிண்ணம். அவற்றின் வயிறு எந்தப் பக்கம் என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பதிலுக்காக இப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

கதவு திறந்தது. அண்ணன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணா, வயிறு?"

"வலது பக்கம்."

"வயிறு வலது பக்கமா!" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "கல்லீரல்?"

"இடது. மண்ணீரலு வலது. நான் வரிசையா கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கறாங்க. எல்லாம் அப்படியே கண்ணாடி மாதிரி திரும்பியிருக்குதாம். ஹார்ட்டுல நாலு அறையும் நல்லா இருக்குதாம். பொறந்த பிற்பாடு சளி அடிக்கடி புடிச்சா மட்டும் ஜல்தியா வந்து காட்டணுமாம்." மூச்சு வாங்கினார். "சளிக்கும் ஹார்ட்டுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

அந்த மயிரிழைகள்தான். கருவில் இடம் வலம் பிரிக்கும் அதே வகை மயிரிழைகள் பிற்பாடு மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும். அதில் கோளாறு இருந்தால் இதிலும் இருக்கலாம். என்ன அழகான சம்பந்தம்! விளக்க வாயெடுத்தேன். அண்ணன் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டேன். பேராசிரியை இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

வேலூரிலேயே பிரியாணி சாப்பிட்டோம். கத்தரிக்காய்த் தொக்கோடு. உப்பு சரியாக இருந்தது. அக்கா வேண்டுமென்றே இரண்டாவது தட்டு சொன்னாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மேரி அத்தை ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. அண்ணன் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார். "தொட்டில் கம்பி துருப்புடிச்சிருக்குதுடா சாமுவேலு. பெயின்ட் வாங்கியாந்தியா?" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் நன்றி கூட்டம் வைத்துவிட்டார்கள். அதே பாய், அதே பெண்கள், அதே நின்றுபோன மின்விசிறி. ரூத் டீச்சர் எழுந்தார். "நாம வயிறு வலது பக்கம் போவணும்னு கேட்டோம். போச்சு! கல்லீரல் இடது பக்கம் கேட்டோம். போச்சு! இப்ப நம்ம டாக்டரம்மா சாட்சி சொல்லுவாங்க." விரல் என்னைக் காட்டியது.

சாட்சி என்றால் எழுந்து நின்று, நடந்ததைச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். எழுந்தேன். வயிறு எங்கும் போகவில்லை, கரு எள்ளளவு இருந்தபோதே இதெல்லாம் முடிவாகிவிட்டது, நேற்று முன்தினம் நாம் ஜெபித்தபோது மண்ணீரல் ஏற்கெனவே மாதக்கணக்கில் வலப்பக்கம்தான் குடியிருந்தது என்று சொல்ல வேண்டியவள் நான். அதற்காகத்தான் உபகாரச் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அப்படிக் கேளுங்கள் என்று ஜெபத்தை நிறுத்தித் திருத்தியது யார்? வரிசை சொன்னது யார்? புள்ளைக்கு வலது என்று தெளிவுபடுத்தியது யார்? அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள், தோள் குலுங்கியது.

"கேட்டபடியே இருந்துச்சு," என்றேன்.

"அல்லேலூயா!" என்றது பாய்.

வெளியே அண்ணன் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கையைச் சாந்தியக்கா பிடித்தார். இன்னொரு கை இடுப்பின் இடப்பக்கத்தில் இருந்தது.

"டாக்டரம்மா, ஊருக்குப் போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எனக்குக் கிட்னியில கல்லு. ஒரு வருஷமா ஜெபம் பண்றாங்க, எறங்கல. தப்பா கேக்கறாங்களோன்னு சந்தேகமா இருக்குது. எந்தப் பக்கம் போவணும்னு கேக்கச் சொல்லட்டும்?"

டாக்டரிடம் காட்டுங்கள், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்றேன். அதெல்லாம் நடக்கிறதாம். பக்கம் மட்டும்தான் வேண்டுமாம். அண்ணன் ஹாரன் அடித்தார். ரூத் டீச்சரும் வாசலுக்கு வந்து, வரிசை கேட்கத் தயாராக நின்றார்.

"கீழே," என்றேன்.